சாட்டுச் சொல்லாத கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சாக்குப்போக்குத் தேடிச் சாட்டுச் சொன்னாள் என்று ஒருவரும் கதைக்கக் கூடாது.

என் மகன் இங்கிலாந்தில் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று மறியலில் இருக்கிறான். அவன் ஒருவரையும் கொல்லவில்லை. கொன்றவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன். அதற்கும் அங்கே கொலை என்றுதான் பெயர். அந்தத் தீர்ப்பை மாற்றக் கிடைத்த ஒரே மேன்முறையீட்டில் அவன் எழுதிய கடிதமே அவனுக்கு எதிராக வந்து நின்றது. பெயர் எதையும் நான் எழுதப்போவதில்லை. பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு அது தேவையுமில்லை. என் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதே அடுத்த தெருவுக்குத் தெரியும்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். பிள்ளைகள் இரண்டும் பிறந்தது பலெர்மோவில். நான் வீடுகளில் வேலை செய்தேன். என் மனுசன், இவர், மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் குசினியில். இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்த காலத்தில் எங்கள் கோயில் பங்கில் பாதிச் சனம் இங்கிலாந்துக்கு மூட்டை கட்டியது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால்தான் ஆளாகுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு விசர். எனக்கும் பிடித்தது. "இஞ்சை இருந்தால் இவனும் உங்களை மாதிரிச் சட்டி கழுவத்தான் போறான்" என்று இவரோடு சண்டை பிடித்து, பதினேழு வயதில் மகனை இவருடைய தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். போக மாட்டேன் என்று அழுதவனை விமானநிலையத்தில் அதட்டித்தான் உள்ளே விட்டேன்.

அவனுக்குப் பத்தொன்பது வயதில் அது நடந்தது. கூடப் படித்த ஒருவனுக்கு வேறொரு பெடியனோடு ஏதோ வாய்த்தர்க்கம். "ஆளை வெருட்டிப்போட்டு வருவம், காரைக் கொண்டு வா" என்று கேட்டிருக்கிறான். மகன் மாமியின் காரைக் கொண்டு போனான். மூன்று பேர் ஏறினார்கள். போன இடத்தில் மூவரும் இறங்க, மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காருக்குள்ளேயே இருந்தான். இறங்கியவர்களில் ஒருவனிடம் கத்தி இருந்தது. ஓடிவந்து ஏறியவர்கள் "எடு, எடு" என்று கத்தினார்கள், இவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெருவில் விழுந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே உயிர் போய்விட்டது.

அந்தப் பிள்ளையை நினைக்காமல் நான் ஒரு நாளும் என் பிள்ளையை நினைத்ததில்லை. இது சத்தியம்.

வழக்கில் மகன் சொன்னது ஒன்றுதான்: கத்தி இருந்தது தனக்குத் தெரியாது. ஆனால் அப்போதிருந்த சட்டப்படி நீதிபதி ஜூரிமாருக்கு வேறு விதமாக விளங்கப்படுத்தினார். கூடப் போகிறவன் கத்தியால் குத்தக்கூடும் என்று இவன் மனதில் நினைத்திருந்தால் போதும். நினைத்தும் கூடப் போயிருந்தால், குத்தியவனுக்கும் இவனுக்கும் ஒரே குற்றம். குத்தவேண்டும் என்று இவன் விரும்பியிருக்கத் தேவையில்லை. ஜூரிமார் குற்றவாளி என்றார்கள். குறைந்தது இருபது வருடம் உள்ளே இருக்கவேண்டும் என்றார் நீதிபதி. மகள் அதை என் காதுக்குள் தமிழில் சொன்னபோது, நான் விசரி மாதிரி "எத்தினை மாதம்?" என்று திருப்பிக் கேட்டேன்.

தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் தபசுகாலத்தில்தான் அந்தக் கடிதம். நான் அப்போது எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு. வருடா வருடம் ஒரே பாடம். "தம்பி நுள்ளினவன், அதாலை நான் அடிச்சனான் எண்டு சாமியாரிட்டைச் சொல்லப்படாது. அடிச்சனான். அவ்வளவுதான். சாட்டுச் சொன்னால் அது பாவசங்கீர்த்தனமில்லை, கோள் சொல்லுறது." என் மகனும் ஒன்பது வயதில் அதே வாங்கில் இருந்து அதே பாடத்தைக் கேட்டவன்தான்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. எங்களில் ஒருவரால் இன்னொரு வீட்டில் சாவு விழுந்தால், அது வள்ளம் கவிழ்ந்து நடந்ததோ வாகனம் புரண்டு நடந்ததோ, உயிர்ப்புத் திருநாளான பாஸ்குவுக்கு முதல் அந்த வீட்டுப் படி ஏறி மன்னிப்புக் கேட்கவேண்டும். யாரில் பிழை என்று அங்கே கதைப்பதில்லை. கேட்காமல் நற்கருணை வாங்கினால் அது தொண்டைக்குள் இறங்காது. என் தகப்பன் அப்படிப் போனவர். நான் சின்னப்பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மகன் மறியலில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பான். ஒரு நாள் சொன்னேன்.

"அந்தத் தாய்க்கு ஒரு கடிதம் எழுது."

"இஞ்சை இருந்து அவைக்கு எழுத விடமாட்டினம் அம்மா."

"எனக்கு அனுப்பு. நான் அங்கை சேர்ப்பிக்கிறன்."

எழுதி அனுப்பினான். ஒரு பக்கம், ஆங்கிலத்தில். மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள். மன்னியுங்கள் என்று எழுதியிருந்தான். ஒவ்வொரு நாளும் உங்கள் பிள்ளையை நினைக்கிறேன் என்று எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி: அவனிடம் கத்தி இருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் காரை எடுத்திருக்க மாட்டேன். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அடுத்த முறை அவன் போன் எடுக்கும்வரை பொறுக்க முடியாமல் இருந்து, எடுத்த உடனேயே பிடித்துக்கொண்டேன்.

"என்னடா இது? பிள்ளையைப் பறிகுடுத்த மனுசிக்கு எழுதேக்கை, எனக்குத் தெரியாது எண்டு எழுதுவியோ? அவ உன்னட்டை விளக்கமோ கேட்டவ?"

"அது உண்மைதானே அம்மா."

"உண்மையெண்டால் கோட்டிலை சொல்லு. அவவிட்டைச் சொல்லாதை. அவவுக்கு முன்னாலை முழந்தாளிலை நிக்கிறன் எண்டு நினைச்சு எழுது."

அவன் கடதாசி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அல்லோரா, அப்ப நீங்களே சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றான். நான் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் எழுதினான். கத்தி பற்றிய வரியை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் நான் போட்டது இது: "உது நல்லதிலை முடியாது எண்டு என்ரை மனசுக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் போனனான். உங்கடை பிள்ளையின்ரை சாவிலை எனக்கும் பங்கிருக்கு. நான் ஒரு சாட்டும் சொல்லேல்லை." நான் படிப்பித்த பாடம், ஒரு சொல் பிசகவில்லை.

இவர் பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டு நின்றவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உப்பிடி எழுதவேண்டாம் எண்டு சொல்லும். கடுதாசி எங்கை போய் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குக் குசினியைத் தவிர வேறை என்ன தெரியும்?" என்றேன். மகனுக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது கடிதம் வந்ததும் முதலாவதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இறந்த பிள்ளையின் பூசை எந்தக் கோயிலில் நடந்தது என்று செய்தியில் வந்திருந்தது. அவர்களும் வேதக்காரர்தான். அந்தக் கோயில் சாமியாரின் விலாசத்துக்கு அனுப்பினேன். நல்லது கெட்டது எல்லாம் கோயிலுக்குள்ளால் போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். சாமியார் கையில் கொடுத்தது வெளியில் வராது என்று நம்பினேன். அவர் அதைத் தாயிடம் கொடுத்தார். தாய் வாசித்துவிட்டுப் பொலிசிடம் கொடுத்தா. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் நான் அடுப்பில் போட்டிருப்பேன்.

அந்தப் பாஸ்குவுக்கு நான் நிம்மதியாக நற்கருணை வாங்கினேன்.

பிறகு சில வருடங்களில், அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டத்தை இவ்வளவு காலமும் பிழையாகச் சொல்லிவந்துவிட்டோம் என்று ஒத்துக்கொண்டது. நடக்கக்கூடும் என்று நினைத்தது மட்டும் காணாது, நடக்கவேண்டும் என்று உதவியும் செய்திருக்கவேண்டுமாம். செய்தியைப் பார்த்த மகள் வேலைக்கடையில் இருந்து போன் எடுத்துக் கத்தினாள். நான் கபோச் சந்தைக்கு ஓடிப்போய்க் கணவாய் மீன் வாங்கிவந்து, அவனுக்குப் பிடித்த மாதிரி உறைப்பாகக் கறி வைத்து, நாளைக்கே வந்துவிடுவான் என்பதுபோல் வீடு முழுக்கக் கூட்டிக் கழுவினேன்.

அவ்வளவு லேசில்லை. பழைய வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு லோயரைக் கண்டுபிடிக்கவே பல வருடம் போயிற்று. சின்னப் பெட்டை, என் மகளின் வயதுதான் இருக்கும், ஆனால் நல்ல பொறுமைசாலி. வீடியோவில் வந்து சொல்லுவாள், மகள் எனக்கு மொழிபெயர்ப்பாள்.

"அம்மா, சட்டம் பிழை எண்டது மட்டும் காணாதாம். நாள் கடந்த அப்பீல் எண்டபடியால் முதல் அனுமதி எடுக்கவேணும். சரியான சட்டத்தைச் சொல்லியிருந்தால் ஜூரி இவனை விட்டிருக்கும், அதாலை இவனுக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சு எண்டு காட்டவேணுமாம்."

"நடந்ததுதானே!"

"எனக்குக் கத்தாதேங்கோ. அவ கேக்கிறா, கத்தி இருந்தது தெரியாது எண்டு தம்பி எப்பவும் ஒரே மாதிரித்தானே சொன்னவன்?"

"ஓம்" என்றேன். கடிதம் என் நினைவில் வரவேயில்லை. அதை நான் வழக்கோடு சேர்த்து ஒரு நாளும் நினைத்ததில்லை. அது கோயில் காரியம்.

விண்ணப்பம் போட்டு எத்தனையோ மாதம் கழித்து அரச தரப்பின் பதில் வந்தது. கடைசிப் பக்கத்தில் மகனின் கையெழுத்துப் பிரதி. மகள் போன் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் என் பிள்ளையின் எழுத்து எனக்குத் தெரியாதா? சாய்ந்த எழுத்து, வரிக்குக் கீழே இறங்கிக்கொண்டு போகும். கத்தி இருந்தது தெரியாது என்று கோட்டில் சொன்னவன், தண்டனைக்குப் பிறகு மனசுக்குத் தெரிஞ்சது, தெரிஞ்சும் போனனான் என்று தன் கையால் எழுதியிருக்கிறானே என்று கேட்டிருந்தார்கள். "கத்தியைப் பற்றி இதிலை ஒண்டும் இல்லையே அம்மா, முதல் எழுதினதிலை இருந்ததல்லோ?" என்றாள் மகள்.

அப்போது நான் வேலை செய்த வீடு வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில். படுக்கையோடு இருந்த கிழவர் ஒரு காலத்தில் பெரிய வக்கீல். எல்லோரும் அவரை அவ்வொக்காத்தோ என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கால்தான் வராது, தலை நல்ல தெளிவு. மகனின் கடிதத்தை மகள் இத்தாலியனில் பெயர்த்து எழுதித் தர, அதை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். இதை எழுதும்போது பக்கத்தில் எந்த வக்கீல் இருந்தார் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அப்படியானால் யார் எழுதச் சொன்னது என்றார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். "நான்" என்று சொல்லிவிட்டு, அவருடைய கட்டில் விளிம்பில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. இத்தாலியிலும் சின்னக் குற்றத்துக்கென்று கூடப் போனவனைப் பெரிய குற்றத்துக்கும் பிடிப்பார்கள், ஆனால் தண்டனையைக் குறைக்க வழி வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு, எல்லாக் கதவும் மூடின பிறகுதான் வக்கீல்கள் நாங்கள் ஒருவனை மன்னிப்புக் கேட்க விடுவோம் சிஞ்ஞோரா, என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் அந்தத் தாய் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் தண்ணீர் வேண்டுமென்றார். எழும்பிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

லோயர் ஒரு வழி சொன்னாள். கடிதத்தின் சொற்கள் தாய் சொல்லிக் கொடுத்தவை, தன்னுடையவை அல்ல என்று மகன் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். நானும் அப்படியே கொடுக்கவேண்டும். முதல் கடிதம் இருக்கிறதா என்று கேட்டாள். கிழித்ததைச் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். நான் அன்றைக்கே குந்தியிருந்து ஒன்றும் விடாமல் தமிழில் எழுதினேன், மகள் மொழிபெயர்த்தாள். மகன் சம்மதித்தால்தான் அதைக் கொடுக்கலாம். அவனோ போனில் பிடி கொடுக்கவில்லை. நேரில் கேட்க இங்கிலாந்துக்குப் போனேன்.

பார்வையாளர் மண்டபத்தில் மறியல்காரருக்கு மேலே ஒரு செம்மஞ்சள் சட்டைத்துண்டு மாட்டிவிடுவார்கள். அதற்குள் என் பிள்ளை. முப்பது வயதிலேயே காதோரம் நரை. தேத்தண்ணியும் சொக்கிலேட்டும் வாங்கிவைத்தேன். அவன் தொடவில்லை.

"நான் அதிலை கையெழுத்து வைக்கமாட்டன் அம்மா."

"ஏன்? பொய்யோ? நான்தானே சொல்லித் தந்தனான்."

"நீங்கள் சொன்னனியள். எழுதினது நான். அவ பொலிசுக்குக் குடுக்கமுதல் அதை வாசிச்சிருப்பா. ஒருத்தனெண்டாலும் சாட்டுச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டவன் எண்டு இவ்வளவு வருசமும் நினைச்சுக்கொண்டு இருந்திருப்பா. இப்ப நான் போய், அது என்ரை சொல்லில்லை, அம்மா சொல்லித் தந்தது எண்டு அவவுக்கு முன்னாலை சொல்லட்டோ?"

"சொல்லு! எல்லாத்தையும் என்ரை தலையிலை போடு!"

"நான் அவவுக்குக் குடுத்தது அது ஒண்டுதான். அதையும் திருப்பித் தா எண்டு கேக்கச் சொல்லுறியளோ?"

"விசர்க்கதை கதையாதை. அவ அதைக் கொண்டுபோய்ப் பொலிசிலை குடுத்தவ!"

"குடுக்கட்டும். அது அவவின்ரை."

நான் மேசையில் அடித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்தான். அப்போது ஒரு கேள்வி கேட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. "உன்னைப் பெத்தவள் நானோ, அவவோ?" அவன் என் கையைப் பிடித்து மேசையில் வைத்து அமத்தினான். "பஸ்தா, போதும் அம்மா. அப்ப எழுது எண்டதும் நீங்கள்தான். இப்ப இல்லையெண்டு சொல்லு எண்டதும் நீங்கள்தான். எனக்குக் களைச்சுப்போச்சு" என்றான். நேரம் முடிய எழும்பிப் போனான். தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

என் வாக்குமூலம் கொடுபடவில்லை. லோயர் மற்ற எல்லாவற்றையும் கொண்டு நன்றாகத்தான் வாதாடினாள். லண்டனில் பெரிய கல்லுக் கட்டடம், மூன்று நீதிபதிகள். மகன் மறியலில் இருந்து திரையில் தெரிந்தான். நானும் இவரும் மகளும் பின் வாங்கில். எதிர்ப்பக்கத்தில் அந்தத் தாய், தடித்த கோட்டோடு, என் வயதுதான். யாரோ அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அன்றுதான் அவவை முதன்முதலாக நேரே பார்த்தேன். எழும்பிப்போய் முழந்தாளில் நின்றுவிடவேண்டும்போல் இருந்தது. கிட்டப் போகக்கூடாது என்று முதலே சொல்லிவைத்திருந்தார்கள்.

நடு நீதிபதி கடிதத்தின் அந்தப் பகுதியை வாசித்தார். எனக்கு ஆங்கிலம் விளங்காது. மகள் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்ததால் சொல்லித்தரவும் இல்லை. அதனால் நான் அந்தத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசிக்க வாசிக்க அவவின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. ஒரு இடத்திலும் பிந்தவில்லை. அவவுக்கு அது மனப்பாடம்.

அனுமதி மறுக்கப்பட்டது. சரியான சட்டத்தைச் சொல்லியிருந்தாலும் ஜூரி இதே முடிவுக்கு வந்திருக்கலாம், பெரிய அநியாயம் நடந்ததாகத் தாங்கள் கருதவில்லை என்றார்களாம். திரையை நிறுத்திவிட்டார்கள். இவர் என் தோளில் கை வைத்தார். எழுதவேண்டாம் என்று அன்றைக்குச் சொன்ன மனுசன். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்த பிறகுதான் மகனின் போன் வந்தது. அந்தத் தாயின் உதடுகளைப் பற்றிச் சொன்னேன். அவன் வெளியில் வர இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. இத்தனை காலமும் அவனிடம் கேட்கப் பயந்த ஒன்றைக் கேட்டேன்.

"உனக்கு என்னிலை கோவமோ ராசா?"

இல்லை அம்மா என்பான் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கேட்டேன் போல.

"இருக்கு" என்றான். "இருக்கம்மா. எப்பிடி இல்லாமல் இருக்கும்?" குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எடுப்பன். தூக்குங்கோ என்ன."

"தூக்குவன்" என்றேன்.